ஹைட்ராலிக் கிளட்ச்: கோளாறு மாஸ்டரில்தானா? மாற்று மாஸ்டர் பொருந்துமா?

நம்மூர்ச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் கேபிளில்தான் இயங்குகிறது. கேபிள் அறுந்தால் பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கி மாட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம். ஹயபுசா, பழைய பேண்டிட் 1200, வி-ஸ்ட்ரோம் 1000, விஎஃப்ஆர் 800, எஃப்ஜேஆர் 1300 மாதிரி வண்டிகளில் அது நடக்காது. அவற்றில் இடது கைப்பிடியில் ஒரு மாஸ்டர் சிலிண்டர், என்ஜின் ஓரத்தில் ஒரு ஸ்லேவ் சிலிண்டர், நடுவே எண்ணெய் நிறைந்த ஹோஸ். லீவரைப் பிடித்தால் மாஸ்டர் எண்ணெயைத் தள்ளும், அந்த அழுத்தத்தில் ஸ்லேவ் கிளட்சை விடுவிக்கும். மாஸ்டர் போய்விட்டால் கம்பெனி பாகம் வர வாரக்கணக்கில் ஆகும், விலையும் அதிகம். அதனால் வேறொரு வண்டியின் மாஸ்டரையோ, தனியாக விற்கும் மாஸ்டரையோ தேடத் தொடங்குகிறோம்.

அங்கேதான் காசு வீணாகிறது. மாஸ்டர் நன்றாக இருக்கும்போதே அதை மாற்றிவிடுகிறார்கள். இல்லையென்றால், பார்க்க அதே மாதிரி இருக்கிறது என்று ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, லீவர் கல் மாதிரி கனக்கிறது, நியூட்ரல் விழவில்லை என்று திண்டாடுகிறார்கள். மாஸ்டரின் பொருத்தத்தைத் தோற்றம் சொல்லாது. போர் (சிலிண்டரின் உட்துளை) விட்டம், லீவரின் தள்ளு தூரம், எண்ணெய் வகை, மரை அளவு ஆகிய நான்கும்தான் சொல்லும். முதலில் குறிகளைப் பார்த்துக் கோளாறு எங்கே என்று முடிவு செய்வோம். அளவுகள் அப்புறம்.

உள்ளே என்ன நடக்கிறது

மாஸ்டரின் ரிசர்வாயர் (எண்ணெய்த் தொட்டி) மூடியைத் திறந்து, எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு, டார்ச் அடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். இரண்டு துளைகள் தெரியும். பெரியது எண்ணெய் உள்ளே போகும் வழி. மற்றது ஊசிமுனை அளவுதான் இருக்கும். சில மாடல்களில் அதன்மேல் சின்னத் தகடு ஒன்று மூடியிருக்கும், அதை எடுத்தால்தான் துளை கண்ணில் படும். லீவரை விட்டிருக்கும்போது பிஸ்டனின் முன் கப் (எண்ணெயை அடைக்கும் ரப்பர்) இந்தச் சின்னத் துளைக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். லீவரைப் பிடித்ததும் கப் துளையைத் தாண்டிப் போகிறது, அதன் பிறகுதான் அழுத்தம் உண்டாகிறது. விட்டதும் கப் பின்வாங்கி, துளை திறந்து, மீதி அழுத்தம் ரிசர்வாயருக்குத் திரும்பிவிடுகிறது.

மூடி திறந்திருக்கும்போதே லீவரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழுப்பின் தொடக்கத்தில் எண்ணெயின் மேல்பரப்பில் சின்னதாக ஒரு சுழிப்போ பீச்சலோ எழும். அது தெரிந்தால் துளை திறந்திருக்கிறது. வேகமாக இழுத்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டாங்கின் மேல் ஈரத்துணி விரிக்க வேண்டும். உள்ளே இருப்பது பெரும்பாலும் பிரேக் ஆயில்தான், அது பெயிண்டைத் தின்றுவிடும். சிந்தினால் துடைப்பதோடு விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

குறி 1: லீவர் தளதளவென்று கைப்பிடி வரை வருகிறது

முதலில் எண்ணெய் மட்டம். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கிளட்சில் எண்ணெய் தானாகக் குறைவதற்கு வேறு காரணமே கிடையாது. பிரேக்கில் பேட் தேயத்தேய மட்டம் இறங்கும். இந்த வண்டிகளின் கிளட்சில் நடப்பது அதற்கு நேர் எதிர். கிளட்ச் பிளேட் தேயும்போது என்ஜினுக்குள் இருக்கும் புஷ் ராடு ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே தள்ளும், ரிசர்வாயரில் மட்டம் ஏறும். ஆகவே கிளட்ச் எண்ணெய் குறைகிறது என்றால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள், கசிவைத் தேடுங்கள்.

தேட வேண்டிய இடங்கள் இரண்டு. லீவருக்கு உள்பக்கம், மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடைச் சுற்றியிருக்கும் ரப்பர் பூட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மாஸ்டரின் பின் கப் போய்விட்டது. அங்கே வறண்டிருந்தால் ஸ்லேவைப் பாருங்கள். பெரும்பாலான ஜப்பானிய நான்கு சிலிண்டர் வண்டிகளில் அது முன் ஸ்ப்ராக்கெட் கவர் அருகே, செயின் எண்ணெயும் சேறும் படியும் இடத்தில் இருக்கிறது. அழுக்கும் ஈரமும் சேர்ந்து அங்கே அலுமினியத்தை அரித்துவிடும். கிளட்ச் விழுந்துவிட்டது என்று பட்டறைக்கு வரும் பழைய ஜப்பானிய வண்டிகளில் ஸ்லேவைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஸ்லேவ் கசியும்போது புது மாஸ்டர் மாட்டினால் ஒரு பயனும் இல்லை.

கசிவு எங்கும் இல்லை, எண்ணெயும் சரியாக இருக்கிறது, லீவர் மட்டும் பஞ்சு மாதிரி இருக்கிறது என்றால் ஏர் புகுந்திருக்கிறது. இரண்டு மூன்று தடவை அடித்த பிறகு லீவர் மேலே ஏறிக் கெட்டியாகிறதா? அப்படியானால் ஏர்தான். ஹோஸை மாஸ்டரோடு இணைக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்தான் பொதுவாகக் குழாயிலேயே உயரமான இடம், குமிழி அங்கே போய்த் தங்கிவிடும். கீழே ஸ்லேவில் இருக்கும் நிப்பிளில் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் அது இறங்காது. துணி சுற்றிக்கொண்டு, லீவரை லேசாகப் பிடித்தபடி பேஞ்சோ போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி உடனே இறுக்குங்கள். பெரும்பாலும் அங்கேயே நுரை நுரையாக வெளியே வரும்.

குறி 2: சிக்னலில் பிடித்துக்கொண்டே நின்றால் வண்டி மெல்ல முன்னே நகர்கிறது

கியர் போடும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. சிவப்பு விளக்கில் முதல் கியரில் லீவரைப் பிடித்து நின்றால், கொஞ்ச நேரத்தில் வண்டி இழுக்கத் தொடங்குகிறது. லீவரை விட்டுத் திரும்பப் பிடித்தால் மறுபடியும் சரியாகிவிடுகிறது. மாஸ்டரின் முன் கப் தேய்ந்து, எண்ணெய் அதைத் தாண்டி ரிசர்வாயருக்கே திரும்புகிறது என்பதற்கான தெளிவான குறி இது. வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது. அதனால்தான் பலரும் இதைக் கிளட்ச் பிளேட்டின் மேல் போட்டு என்ஜினைத் திறக்கிறார்கள்.

உறுதி செய்ய ஒரு நல்ல சோதனை உண்டு. மாஸ்டரிலிருந்து ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் அதே மரையுள்ள துளையில்லாத போல்ட்டைப் புது செம்பு வாஷரோடு போட்டு அடைத்துவிடுங்கள். முன்பு சொன்ன மாதிரி போல்ட்டைத் தளர்த்தி இறுக்கி ஏரை எடுங்கள். இப்போது லீவரைப் பிடித்தால் கொஞ்ச தூரத்திலேயே சுவரில் மோதின மாதிரி நிற்க வேண்டும். சாதாரணமாகக் கிளட்ச் பிடிக்கும் பலத்திலேயே ஒரு நிமிடம் பிடித்திருங்கள். பலம் முழுவதையும் காட்ட வேண்டாம். லீவர் மெல்ல உள்ளே இறங்கினால் மாஸ்டர்தான் குற்றவாளி. அசையாமல் நின்றால் மாஸ்டரை விட்டுவிட்டு ஹோஸையும் ஸ்லேவையும் பாருங்கள். கால் மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் எந்த மாஸ்டருக்கும் பணம் கட்டாதீர்கள்.

குறி 3: லீவர் முழுக்கப் பிடித்தும் கிளட்ச் முழுதாக விடவில்லை

நியூட்ரல் விழ மறுக்கிறது, முதல் கியர் போட்டால் வண்டி உதைத்துக்கொண்டு கிளம்புகிறது, சூடேறினால் இன்னும் மோசம். பிளேட் வளைந்திருக்கலாம், என்ஜின் ஆயில் தவறான தரமாக இருக்கலாம். அதற்கெல்லாம் போகும் முன் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அதைக் கவனிப்பவர்கள் குறைவு: லீவரின் புஷ் (bush).

லீவரைக் கழற்றுங்கள். புஷ் ராடின் முனை போய் உட்காரும் பித்தளை உருளை ஒன்று லீவரின் துளைக்குள் இருக்கும். புதிதில் அதன் குழி வட்டமாக, ராடின் முனையைக் கச்சிதமாகப் பிடித்திருக்கும். வருஷக்கணக்கில் கிரீஸ் வைக்காமல் ஓட்டினால் ராடு அந்தப் பித்தளையைக் குடைந்துகொண்டே போகும். குழி நீண்டுவிடும், சிலவற்றில் மறுபக்கம் வரை ஓட்டையே விழுந்திருக்கும். அங்கே 1 மி.மீ. தேய்ந்தால் பிஸ்டனின் ஓட்டத்தில் 1 மி.மீ. போச்சு. மொத்த ஓட்டமே பத்துப் பன்னிரண்டு மி.மீ.தான் என்னும்போது அது பெரிய இழப்பு. புது புஷ் சின்ன விலைதான், மாஸ்டர் விலையோடு ஒப்பிடவே முடியாது. போடும்போது புஷ்ஷுக்குள் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். ஆனால் ரப்பர் கப் பக்கம் சாதாரண கிரீஸ் போகவே கூடாது. அங்கே சிலிக்கோன் கிரீஸ்தான்.

தனியாக வாங்கிய அலங்கார லீவர் மாட்டிய பிறகு இந்தக் குறி வந்திருந்தால் பழைய லீவரைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். புஷ் இருக்கும் இடம் அரை மில்லி மாறினாலே கிளட்ச் விடும் இடம் மாறிவிடும்.

குறி 4: சூடேறியதும் கிளட்ச் வழுக்குகிறது

காலையில் நன்றாக இழுக்கிறது. அரை மணி நேரம் நெரிசலில் ஊர்ந்த பிறகு, த்ராட்டில் திருப்பினால் என்ஜின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. பிளேட் தேய்ந்துவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பிளேட் தேய்வு காலையிலும் தெரியும், மேட்டில் ஏறும்போது நிச்சயம் தெரியும். சூட்டில் மட்டும் வழுக்கி, ஆறினால் சரியாகிவிட்டால் முதலில் அந்தச் சின்னத் துளையைச் சந்தேகப்படுங்கள். துளை அடைத்துக்கொண்டால், சூட்டில் விரியும் எண்ணெய் திரும்பிப் போக வழியில்லாமல் ஸ்லேவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் லீவரைத் தொடாமலே கிளட்ச் பாதி பிடித்த நிலையில் நிற்கும்.

வழுக்கும்போதே வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். மாஸ்டரின் பேஞ்சோ போல்ட்டைத் துணியோடு சற்றுத் தளர்த்துங்கள். எண்ணெய் அழுத்தத்தோடு பிசிறி, அதன் பிறகு வழுக்கல் நின்றுவிட்டால் கோளாறு மாஸ்டரில். அங்கே ஒன்றும் வராமல், கீழே ஸ்லேவ் நிப்பிளைத் திறக்கும்போது மட்டும் பீச்சினால் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. மாஸ்டருக்கு வேலை இல்லை, ஹோஸை மாற்றுங்கள். சூடான சைலன்சர் மேல் எண்ணெய் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தீப்பிடிக்கும்.

மாஸ்டரில்தான் என்று தெரிந்தால் காரணம் மூன்றில் ஒன்று. ஒன்று, துளையில் கசடு. மிக மெல்லிய கம்பியால், கிட்டாரின் மெல்லிய தந்தி போதும், நிதானமாகக் குத்திச் சுத்தம் செய்யலாம். டிரில் பிட் வைத்துப் பெரிதாக்கினால் கப் அந்த ஓரத்தில் கிழிந்துவிடும். இரண்டு, லீவரில் இருக்க வேண்டிய சின்ன விளையாட்டு (தளர்வு) இல்லை. லீவரை விட்ட நிலையிலும் புஷ் ராடு பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருந்தால் கப் துளையை மூடியே இருக்கும். வேறு மாஸ்டரின் புஷ் ராடு, வேறு லீவர், அட்ஜஸ்டரைத் தவறாகத் திருப்புவது என்று இதற்கு வழிகள் பல. மூன்று, ரிசர்வாயரை விளிம்பு வரை நிரப்பியிருப்பது. பிளேட் தேயத்தேய மட்டம் ஏறும் என்று மேலே சொன்னேனே, ஏறுவதற்கு இடமே இல்லையென்றால் என்ன ஆகும்? மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள்.

கிட் போதுமா, முழு மாஸ்டரா

கப் தேய்ந்திருந்தால் கிட் போட்டாலே போதும், பிஸ்டன், கப், ஸ்பிரிங், பூட், சர்க்லிப் எல்லாம் அதில் வந்துவிடும். ஆனால் போரின் சுவர் நன்றாக இருக்க வேண்டும். பழையதைக் கழற்றி, உள்ளே துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் சிலிண்டரைச் சுழற்றிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறலோ, வெள்ளைப் பூத்த குழிகளோ தெரிந்தால் கிட் வீண், புதுக் கப் சில நாளில் அதில் உரசிக் கிழியும். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துச் சரி செய்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். அலுமினியச் சுவரின் கெட்டியான மேல்படலம் போய்விட்டால் தேய்வு இன்னும் வேகமாகும். ஜப்பானிய 14 மி.மீ. மாஸ்டர்களில் புதுப் போர் 14.000 முதல் 14.043 மி.மீ. வரைதான். பிஸ்டன் அதைவிட மயிரிழை சிறியது. லேத்தில் கடைந்து சரி செய்ய அங்கே இடமே இல்லை.

மாற்று மாஸ்டர்: முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய்

ரிசர்வாயர் மூடியில் எழுதியிருக்கும். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் டாட் 4 வகை பிரேக் ஆயில். ஆனால் எல்லா ஹைட்ராலிக் கிளட்சும் பிரேக் ஆயிலில் ஓடுவதில்லை. மகூரா கம்பெனியின் பல கிளட்ச் மாஸ்டர்கள் மினரல் ஆயிலில் ஓடுபவை. 2004இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ்ஸில் பிரேக்குக்கு டாட் 4, கிளட்சுக்கு மினரல் ஆயில். ஒரே ஹேண்டில்பாரில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் வேறொன்று. பிரேக் ஆயிலுக்கான ரப்பர் வேறு, மினரல் ஆயிலுக்கான ரப்பர் வேறு. தவறான எண்ணெய் ஊற்றினால் கப் வீங்கிப் பிஸ்டன் சிக்கும், மாஸ்டர், ஹோஸ், ஸ்லேவ் மூன்றின் ரப்பரும் போய்விடும். ஸ்லேவ் டாட் 4 என்றால் மாஸ்டரும் டாட் 4தான், இதில் சமரசமே இல்லை.

டாட் 5 என்பது சிலிக்கோன், டாட் 5.1 அப்படி இல்லை, டாட் 4ஓடு ஒத்துப்போகும் வகை. எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

போர் விட்டமும் தள்ளு தூரமும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பொருத்தம் கெடுவதெல்லாம் இங்கேதான்.

மாஸ்டரின் அடிப்பக்கத்தில் வார்ப்பிலேயே எண் இருக்கும். நிசின் மாதிரி ஜப்பானிய மாஸ்டர்களில் 14 என்றோ, அங்குலத்தில் 1/2, 5/8, 11/16 என்றோ பார்க்கலாம். 1/2 என்றால் 12.7 மி.மீ., 5/8 என்றால் 15.9 மி.மீ., 11/16 என்றால் 17.5 மி.மீ. பார்வைக்கு 14க்கும் 5/8க்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் எண்ணெயைத் தள்ளுவது விட்டம் அல்ல, பரப்பு. பருத்த சிரிஞ்சில் கொஞ்ச தூரம் அழுத்தினாலே நிறைய மருந்து வரும், ஆனால் கை வலிக்கும். மெல்லிய சிரிஞ்சில் சுலபமாக அழுத்தலாம், வருவது கொஞ்சம். மாஸ்டரும் அப்படித்தான்.

கணக்கு: புது விட்டத்தைப் பழைய விட்டத்தால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்குங்கள். 14க்குப் பதில் 5/8 போட்டால் 1.29 வரும். அதாவது ஸ்லேவ் 29 சதவீதம் கூடுதலாக நகரும், லீவரும் 29 சதவீதம் கனக்கும். 14க்குப் பதில் 1/2 போட்டால் 0.82. லீவர் வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனால் ஸ்லேவ் 18 சதவீதம் குறைவாக நகரும், நியூட்ரல் விழாது. மி.மீ. கணக்கில் பார்த்தால் இன்னும் புரியும். ஸ்லேவ் 35.7 மி.மீ. விட்டம், மாஸ்டர் பிஸ்டன் ஓடும் தூரம் 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 14 மாஸ்டரில் ஸ்லேவ் 1.85 மி.மீ. நகரும். 5/8இல் 2.37. 1/2இல் 1.52. கிளட்ச் முழுதாக விட 1.7 தேவைப்படும் வண்டி என்றால் கடைசி மாஸ்டரில் அது ஒருநாளும் சரிப்படாது. எவ்வளவு ஏர் எடுத்தாலும் பயனில்லை.

இதோடு நிறுத்துபவர்கள் பலர். பாதிதான் பார்த்திருக்கிறார்கள். லீவர் சுழலும் போல்ட்டின் நடுவிலிருந்து புஷ் ராடைத் தள்ளும் இடத்தின் நடு வரை உள்ள தூரம், அதாவது தள்ளு தூரம், இன்னொரு பாதி. அது அதிகமானால் ஒரே லீவர் அசைவுக்குப் பிஸ்டன் அதிக தூரம் ஓடும், கையும் கனக்கும். பிரெம்போ கம்பெனியின் ரேடியல் மாஸ்டர்களில் 16×18 என்று எழுதியிருக்குமே, முதல் எண் பிஸ்டன் விட்டம், இரண்டாவது இந்தத் தூரம். ஆர்சிஎஸ் வகையில் திருகைத் திருப்பி அதை 18, 20 என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே ஒப்பிட வேண்டியது பரப்பையும் தூரத்தையும் பெருக்கி வரும் எண். உங்கள் பழைய 14 மாஸ்டரில் அளந்து பார்த்ததில் 25 மி.மீ. தூரம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 154, தூரம் 25, பெருக்கினால் 3,850. பிரெம்போ 16×18இல் பரப்பு 201, தூரம் 18, பெருக்கினால் 3,620. பார்த்தீர்களா, விட்டம் 14லிருந்து 16க்கு ஏறியும் தள்ளும் எண்ணெய் 6 சதவீதம் குறைகிறது. திருகை 20க்குத் திருப்பினால் 4,020, பழையதைவிட 4 சதவீதம் கூடுதல். இரண்டுமே ஓட்டக்கூடிய எல்லைக்குள்தான் இருக்கின்றன. அதே 16×18ஐ 5/8 மாஸ்டர் இருந்த வண்டியில் போடுங்கள். அதிலும் தூரம் 25தான் என்றால் பழையதன் எண் 4,950. 27 சதவீதம் குறைந்துவிட்டது, கிளட்ச் விடாது. 16ம் 5/8ம் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று கடைக்காரர் சொல்வதில் பொய் இல்லை, விட்டம் ஒன்றுதான். தள்ளு தூரத்தைத்தான் அவர் பார்க்கவில்லை.

பழையதிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகாமல் தேர்ந்தெடுங்கள் என்பது என் பரிந்துரை. கை வலிக்கிறது, லீவர் லேசாக வேண்டும் என்பவர்கள் கீழே இறங்கலாம். ஆனால் இப்போது கிளட்ச் விட்ட பிறகும் லீவரில் மிச்ச ஓட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜின் அணைந்திருக்க, முதல் கியரில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஒருவரை மெதுவாக லீவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். சக்கரம் தனியே சுழலத் தொடங்கும்போது லீவர் எங்கே நிற்கிறது? கைப்பிடிக்கு அருகில் என்றால் சின்ன மாஸ்டருக்கு இந்த வண்டியில் இடமில்லை.

வார்ப்பு எண்ணைக் கூட முழுதாக நம்ப வேண்டாம். விலை மலிவான நகல்களில் ஒரே உடல் வார்ப்பில் வெவ்வேறு போர் போட்டு விற்பதுண்டு. வெர்னியர் வைத்துப் பிஸ்டனை அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மரை

ஜப்பானிய மாஸ்டர்களில் பேஞ்சோ போல்ட் பொதுவாக 10 மி.மீ., 1.25 பிட்ச். பிரெம்போ மாதிரி ஐரோப்பிய மாஸ்டர்களில் 10 மி.மீ., 1.0 பிட்ச். இரண்டு போல்ட்டும் பக்கத்தில் வைத்தால் ஒரே மாதிரி தெரியும். தவறானதைப் போட்டால் முதல் இரண்டு சுற்று கையாலேயே போகும், அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனர் வைத்தால் அலுமினிய மரை போச்சு, புது மாஸ்டரும் போச்சு. கையால் ஐந்தாறு சுற்று சுலபமாக இறங்காத போல்ட்டை எடுத்துவிடுங்கள். போல்ட் மாஸ்டரின் மரைக்குப் பொருந்தினால் போதும், ஹோஸின் கண் இரண்டுக்கும் ஒன்றுதான். வாஷர் இரண்டும் ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள்.

ஹேண்டில்பார், ரிசர்வாயர், ஸ்விட்ச்

பெரும்பாலான வண்டிகளில் கைப்பிடிப் பகுதி 22.2 மி.மீ., க்ரூசர்கள் பலவற்றில் 25.4 மி.மீ. க்ளாம்ப் அதற்கேற்றதா என்று பாருங்கள். தகரம் சுற்றிப் பொருத்துவது வேண்டாம். ஜப்பானிய க்ளாம்ப்பில் மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது மேலே இருக்கும்படி மாட்டி, மேல் போல்ட்டை முதலில் இறுக்கி, பிறகு கீழ் போல்ட்டை இறுக்குங்கள்.

வலப்பக்க பிரேக் மாஸ்டரை இடப்பக்கம் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ரிசர்வாயர் உடம்போடு ஒட்டியிருக்கும் வகையில் அது முடியாது, லீவரைச் சரியான பக்கம் திருப்பினால் ரிசர்வாயர் தலைகீழாகிவிடும். சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடத்தில் குவியலிலிருந்து எடுக்கும்போது இதைக் கவனியுங்கள். அங்கே கிடைக்கும் பழைய மாஸ்டரில் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை அழுத்திப் பாருங்கள், விரலில் அழுத்தம் தெரிய வேண்டும், விட்டதும் பிஸ்டன் தயங்காமல் திரும்ப வேண்டும். பூட்டைத் தூக்கினால் வெள்ளைப் பொடி தெரிகிறதா? அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் இடமும் பாருங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது ரிசர்வாயர் ஃபேரிங்கிலோ கண்ணாடியிலோ இடிக்கக் கூடாது. ஹோஸ் இழுபடவும் கூடாது. தனி ரிசர்வாயர் வகையில் அதிலிருந்து மாஸ்டருக்கு வரும் குழாய் வழியெல்லாம் இறங்கியே வர வேண்டும். நடுவே மேடு இருந்தால் அங்கே ஏர் தங்கும்.

அடுத்தது கிளட்ச் ஸ்விட்ச். புது மாஸ்டர் மாட்டிய பிறகு ஸ்டார்ட்டரே சுற்றவில்லை என்றால் பேட்டரியைக் கழற்ற வேண்டாம், இந்த ஸ்விட்ச்சைப் பாருங்கள். சுசூகி வண்டிகள் பலவற்றில் நியூட்ரலிலேயே கிளட்ச் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கும் வண்டியில் அதை நிறுத்துவதும் இதே ஸ்விட்ச்தான். பழைய ஸ்விட்ச் புது மாஸ்டரில் உட்காருமா என்று வாங்கும்போதே கேளுங்கள். இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிடலாம் என்று சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் பட்டன் பட்டால் வண்டி பாயும்.

மாட்டிய பிறகு

புது மாஸ்டர் முழுக்க ஏர்தான். ஹோஸ் மாட்டும் முன்பே எண்ணெய் ஊற்றி, வாயை விரலால் மூடித் திறந்தபடி லீவரைச் சின்னச் சின்னதாக அடித்து எண்ணெய் வரவையுங்கள். ஹோஸ் மாட்டி வழக்கம்போல நிப்பிளில் ஏர் எடுங்கள். கடைசிக் குமிழிகளுக்கு, ஹேண்டில்பாரைத் திருப்பி ரிசர்வாயர்தான் மிக உயரமான இடம் என்று ஆக்கிக்கொண்டு, லீவரை அரை அங்குலம் மட்டும் படபடவென்று தட்டுங்கள், சின்னத் துளை வழியாகக் குமிழி ஏறி வரும். பிடிவாதமான வண்டிகளில் சிரிஞ்ச் வைத்துக் கீழே ஸ்லேவிலிருந்து மேலே எண்ணெயைத் தள்ளினால் சீக்கிரம் முடியும். அப்படிச் செய்யும்போது ரிசர்வாயர் நிறைந்து வழியும், இன்னொருவர் பக்கத்தில் நின்று உறிஞ்சிக்கொண்டே இருக்கட்டும். ஸ்லேவைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் லீவரை யாரும் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழும்.

முதல் ஓட்டத்தில் மூன்றைச் சோதியுங்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகு நின்றபடியே நியூட்ரல் விழுகிறதா. முதல் கியரில் ஒரு நிமிடம் பிடித்து நின்றால் வண்டி நகராமல் இருக்கிறதா. உயர் கியரில் திடீரென்று த்ராட்டில் கொடுத்தால் என்ஜின் சுற்று மட்டும் தனியாக ஏறாமல் இருக்கிறதா. முதலாவது தவறினால் போர், தூரக் கணக்கைத் திரும்பப் பாருங்கள், இல்லை ஏர் மிச்சமிருக்கிறது. இரண்டாவது தவறினால் புது மாஸ்டரின் கப்பே சரியில்லை, கடையில் திருப்பிக் கொடுங்கள். மூன்றாவது தவறினால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தி லீவரின் விளையாட்டையும் சின்னத் துளையையும் பாருங்கள், வழுக்கிய நிலையில் வீடுவரை ஓட்டினால் நல்ல பிளேட்டும் கருகிவிடும்.